மாயக்காளும் ஒச்சாண்டி செக்கும்

மாயக்காள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அபிசீனியாவிலிருந்து தொடங்க வேண்டும்.

1935. எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாக பி.ஏ. தேறி, மயிலாடும்பாறைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். தேனியிலிருந்து வரும் பத்திரிகையைச் சாவடியில் உரக்கப் படிப்பேன். படிக்கச் சொன்னவர் யாருமில்லை, பி.ஏ. என்றால் படிக்கத்தானே வேண்டும்.

இத்தாலி அபிசீனியாவுக்குள் புகுந்துவிட்டது, ஜெனிவாவில் கூடிய தேசங்கள் இத்தாலியோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தின, மோட்டாருக்கு ஊற்றும் எண்ணெயை மட்டும் நிறுத்தவில்லை என்று அன்று படித்தேன்.

"நம்ம ஊரு மாதிரியேதான் இருக்காக," என்றாள், வெளியே நின்ற அத்தை.

புருஷன் போனபின் தனியாளாக வெள்ளாமை பார்ப்பவள் அவள். பக்கத்துப் புஞ்சைக்காரன் ஒச்சாண்டி வரப்பை வெட்டி, அவள் நிலத்தில் ஒரு துண்டைத் தன்னதோடு சேர்த்து உழுதுவிட்டான். ஊர் கூடி அவனை விலக்கி வைத்தது. பேச்சுக் கிடையாது, அடுப்புக்கு நெருப்புக் கிடையாது. ஆனால் ஊரின் ஒரே செக்கு அவனுடையது. அது விலக்கில் சேரவில்லை. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடுக்கையை நீட்டுவார்கள், அவன் எண்ணெய் ஊற்றுவான். அளவு குறைந்தால் மட்டும் கனைப்பார்கள்.

செக்கையும் விலக்கில் சேர்க்கச் சொல்லி அத்தை முறையிட்டபோது ஊர்ப் பெரியவர் நல்லகண்ணு சொன்னார்: "ஜெனிவாவுலயே எண்ணெயை விட்டுட்டாக. அவுகளுக்குத் தெரியாத நியாயமா? பி.ஏ.வைக் கேளு."

அது உலக அரசியல், சிக்கலானது என்றேன்.

"என் வரப்புல சிக்கல் இல்லப்பா. வெட்டுனாப் போயிரும், கட்டுனா வந்துரும்."

கார்த்திகையன்று விடிந்ததும் அவள் செக்கு வாசலில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். யாரையும் தடுக்கவில்லை. முறை சொல்லி வரவேற்றாள்.

"வாங்கண்ணே. நெறையா வாங்கிக்கங்க. எந்நெலத்து எள்ளாக்கூட இருக்கும்."

தங்கபாண்டி குடுக்கையைத் துண்டில் மறைத்து, புஞ்சைக்குப் போகிறேன் என்றார். அவர் புஞ்சை ஊருக்கு அந்தக் கடைசியில். நல்லகண்ணு, மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வந்ததாகச் சொன்னார்.

"புண்ணாக்கப் பத்தி ஜெனிவாவுல என்ன சொன்னாகளாம், மாமா?"

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு எண்ணெய்ச் செம்போடு நின்ற நான் செம்பைப் பார்த்தேன்.

பொழுது இறங்கியது. விளக்கேற்ற எந்த வீட்டிலும் எண்ணெய் இல்லை. ஒச்சாண்டியிடம் குடங்குடமாக இருந்தது, வாங்க ஆளில்லை. கடைசியில் மண்வெட்டியை எடுத்தான்.

"எந்திரிங்க மதினி. கட்டிக் குடுத்துர்றேன்."

ஊரே பாத்திரங்களோடு பின்னால் போனது. பழைய இடத்திலேயே அவன் வரப்பை எழுப்பினான். அத்தை சுற்றிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு முழம் அங்கன தள்ளு, கொழுந்தனாரே."

"மதினி, பழைய வரப்பு இதுதான. மாமா, நீங்க சொல்லுங்க."

அந்த ஒரு முழம் ஒச்சாண்டியுடையது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நல்லகண்ணு மேற்கே பார்த்தார். சூரியன் மலைக்குள் பாதி போயிருந்தது.

"குடுத்துத் தொலைடா," என்றார். "வெளக்கேத்தணும்."