ஒரு முழ லென்ஸும் ஒரு கலியாணப் பேச்சும்

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாணப் பேச்சு குழம்பிப்போனது. சீதனத்தால் அல்ல. சாதகத்தால் அல்ல. நான் வாங்கிய ஒரு லென்ஸால்!

என்னிடம் ஒரு பழைய கமரா இருக்கிறது. பற்றறி கேட்காத ரகம். அதற்கு ஏற்கெனவே ஒரு லென்ஸ் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால், கனடாவுக்குப் புறப்பட்ட நண்பர் ஒருவர் வீட்டுச் சாமான்களைத் தள்ளிவிடும்போது, ஒரு முழ நீள லென்ஸையும் அதற்குரிய மூன்று கால் ஸ்ராண்டையும் வெளியே எடுத்து வைத்தார்... அவ்வளவுதான். கறுப்பாக, கனமாக, கையில் எடுத்தால் நாமும் ஒரு ஆள்தான் என்று தோன்ற வைக்கும் சாமான். எங்கள் ரேடியோவைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

பிலிம்? போர்க்காலத் தடையால் அது யாழ்ப்பாணத்துக்கு வருவதே அபூர்வம். கமராவுக்குள் இருந்த றோலில் இன்னும் ஒரே ஒரு படம்தான் எடுக்கலாம். பிலிம் இல்லாத ஊரில் லென்ஸ் எதற்கு? இதே கேள்வியை என் மனைவியும் கேட்டாள்.

“தூரத்திலை இருக்கிற குருவியையும் கிட்டத்திலை எடுக்கலாம்” என்றேன்.

“இனிச் செய்தியையும் உந்தக் குழாயிலை காதை வைச்சுக் கேளுங்கோ!”

லென்ஸ் அலுமாரிக்குள் போனது. அடிக்கடி எடுத்துத் துடைப்பேன். கண்ணில் வைத்துப் பார்ப்பேன். திரும்ப வைப்பேன்.

அப்படியிருக்க, பக்கத்து வீட்டு மாமி வந்தார். அவருடைய மகளை — பெயர் வேண்டாம், வதனி என்று வைத்துக்கொள்வோம் — ஜேர்மனியில் இருக்கும் ஒரு பெடியனுக்குப் பேசியிருந்தார்கள். அவன் படம் கேட்டிருக்கிறான். ஸ்ரூடியோவிலும் பிலிம் இல்லை. தெரிந்த ஒருவர் மறுநாள் கொழும்புக்குப் புறப்படுகிறார். றோலைக் கொடுத்துவிட்டால் அங்கே கழுவி அனுப்பிவிடுவார்.

“தம்பி, ஒரு படம் எடுத்துத் தாரும். அவளின்ரை வாழ்க்கை இப்ப உம்மடை கையிலை.”

சாதாரண லென்ஸ் போதுமா? தாராளமாகப் போதும். நான் எதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

வதனி சேலை கட்டி, செம்பரத்தையடியில் நின்றாள். லென்ஸுக்குள் பார்த்தேன். ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. பின்னால் நகர்ந்தேன். மூக்கும் ஒரு கண்ணும். முற்றம் முடிந்துவிட்டது. படலையைத் திறந்து ஒழுங்கைக்குள் இறங்கி, எதிர் வேலியில் முதுகு முட்டும்வரை போய், ஸ்ராண்டை ஊன்றிக் குனிந்தேன். ஆ... முழு முகம்!

“அண்ணை, நான் சிரிக்கிறதோ?” என்று தூரத்திலிருந்து கத்தினாள் வதனி.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முடக்கில் ஒரு சைக்கிள் திரும்பியது. அதை ஓட்டி வந்தவர் என்னைப் பார்த்தார். சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

“ஓடுங்கோ! ஓடுங்கோ!”

யாராவது ஓடு என்றால் ஏன் என்று கேட்கிற காலமா இது? மாமி ஓடினார். சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வதனி ஓடினாள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு நானும் ஓடினேன். மாமி வீட்டுப் பங்கர் குழிக்குள் முழங்காலோடு முழங்கால் முட்டக் குந்தினோம். சைக்கிள்காரரும் எங்களோடுதான்.

“என்ன அண்ணை நடந்தது?” என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

“ஒழுங்கைக்குள்ளை ஒருத்தன் ஷெல் அடிக்கிற குழாயைப் பூட்டிக்கொண்டு நிக்கிறான்!”

“ஆள் எப்பிடி?”

“கட்டையன். கண்ணாடி. நீலச் சாரம்...” சொல்லிக்கொண்டே என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மாமியும் பார்த்தார்.

வெளியே வந்ததும் மாமி சுருக்கமாகச் சொன்னார்: “தம்பி, உந்தச் சனியனைக் கழட்டிப்போட்டு மற்றதாலை எடும்.”

பெரிய லென்ஸை ஸ்ராண்டோடு கொண்டுவந்து கிணற்றடியில் நிறுத்தினேன். வதனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தலையெல்லாம் மணல். நடக்கவும் முடியாமல் கிணற்றுக் கட்டில் சாய்ந்துவிட்டாள். “இதிலையே எடுங்கோ அண்ணை” என்றாள். பழைய லென்ஸைப் பூட்டி எடுத்தேன். றோல் கொழும்புக்குப் போனது.

பதில் வரும்வரை மாமி கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தார். தலையில் மணலோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து அவன் என்ன நினைப்பான்?

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலிருந்து தகவலோடு வந்தார். மாமி எங்களையும் கூப்பிட்டிருந்தார்.

“பெடியனுக்குப் படம் நல்லாப் பிடிச்சுப் போச்சுதாம்.”

மாமி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“பிள்ளையைப் பற்றி என்ன சொன்னவர்?” என்று என் மனைவி கேட்டாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். “அது... ஒண்டும் சொல்லேல்லை. கிணத்தடியிலை ஒரு பெரிய லென்ஸ் நிக்குதாம். அது ஆரின்ரை எண்டு கேக்கச் சொன்னவன். வேறை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாமாம்.”

“அவரும் படம் எடுக்கிறவரோ?” என் மனைவி விடவில்லை.

“எங்கை பிள்ளை! வேலையாலை வந்தால் நித்திரை. என்ரை மகனும் அவனோடைதான் இருக்கிறான். அறை முழுக்க லென்ஸ் பெட்டியாம், படுக்க இடமில்லையாம்.”

கதவடியில் நின்ற வதனி என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி வதனியைப் பார்த்தாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு பிள்ளை. நான் உதோடை குடும்பம் நடத்திறவள்.”

“யோசிச்சிட்டன் அக்கா. எனக்கு வேண்டாம். அவர் அந்த லென்ஸையே கட்டட்டும்!”

மாமி அழுதார். வதனி அழவில்லை. எங்களைப் படலைவரை கொண்டுவந்து விட்டு, “குறை நினையாதேங்கோ அண்ணை. கனகாலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் வயிறு நோகச் சிரிச்சனான்” என்றாள்.

பாருங்கள்... பிலிமே இல்லாத ஊரில் நான், எல்லாமே கிடைக்கிற ஊரில் அவன். இரண்டு பேருக்கும் ஒரே நோய்! வாங்குவதற்கு எப்படியோ வழி வந்துவிடுகிறது. படம் எடுக்கத்தான் நேரம் வருவதில்லை.

“இனியாவது அதை வித்துத் துலைப்பியளே?” என்று வழியில் மனைவி கேட்டாள்.

எப்படி விற்பது? அறை நிறைய வைத்திருப்பவனே ஆசைப்படுகிறான் என்றால்... அது நல்ல லென்ஸ்தானே!