விளக்கெண்ணெய் குடித்த கிளட்ச்

ஓசூர் மேம்பாலத்தில் முன்னால் நின்ற லாரியின் கிளட்ச் கருகி நாறியது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. லாரிக்காரன் மேல் அல்ல.

அறுபதுகளின் கடைசியில் என் அப்பா உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு முதலாளியிடம், சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பட்டைச் சங்கிலியில் ஓடும் செயின் டிராக்டர் ஓட்டினார். ஆயுத பூஜையன்று அந்த முதலாளி, மாட்டுவண்டி அச்சுக்கு விடுவதுபோல, பக்கத்துக்கு ஒரு கிளட்ச் உள்ள அந்த டிராக்டரின் இடது கிளட்ச் பெட்டியைத் திறந்து விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டார். எண்ணெயே படக்கூடாத இடம் அது. மறுநாள் கிளட்ச் வழுக்கிக் கருகியது. இடது சங்கிலி ஓடாமல் டிராக்டர் இடப்பக்கம் இழுத்துப்போய்க் கிணற்றுச் சுவரை இடித்தது.

"குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்" என்றார் முதலாளி, ஊரே கேட்க.

அப்பா சாராயத்தைத் தொட்டவரில்லை. கிளட்ச் தட்டுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கில் பரப்பிக் காயவைத்தார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. என் கண்ணெதிரே, கழுவாத தட்டு ஒன்றை எடுத்துப்போய் முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க மொதலாளி. இது சாராயமா?"

அவர் மோந்து பார்த்தார்.

"சாமிக்குப் படைச்ச எண்ணெய். அதைக் குத்தம் சொல்லாதே."

அதன்பின் டிராக்டர் நேராக ஓடியது. அப்பாவை மட்டும் சாகும்வரை ஊர் குடிகார டிரைவர் என்றே சொன்னது.

லாரி நகர்ந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.