வாயில் கரையாத மரியாதை

காளிச்சாமி அண்ணன் முப்பத்தொரு வருஷம் மாத்திரை அமுக்கினார். கணபதி ஏரியாவில் எங்கள் மருந்துக் கம்பெனியின் மாத்திரை மெஷின் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் அமுக்கிய மாத்திரையை மாடியிலிருந்து போட்டாலும் உடையாது. யாராவது சந்தேகப்பட்டால் போட்டே காட்டுவார். முதலாளி கிருபாசங்கர் மருந்துக்கு வரும் முன் மோட்டார் பம்பு செய்தவர், ஆகையால் மாத்திரையும் இரும்பு மாதிரி இருப்பதில் அவருக்குப் பரம திருப்தி. அதை விழுங்கப்போகிறவர்களின் தொண்டையைப் பற்றி எங்கள் கம்பெனியில் யாரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ரிட்டையரான இரண்டாம் வருஷம் அண்ணனுக்கு நடுக்குவாதம் வந்தது. முதலில் கை ஆடியது, பிறகு நடை குறுகியது, கடைசியில் தொண்டையும் மக்கர் பண்ணியது. டாக்டர் எழுதிக் கொடுத்தது எந்த மாத்திரையை என்கிறீர்கள்? அவரே லட்சம் லட்சமாக அமுக்கித் தள்ளிய அதே மாத்திரை. அது இப்போது அவருக்கே இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் புரையேறிக் கண் பிதுங்கியது. இரண்டு மாசம் பார்ப்போம், முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி மாரியாத்தாள் அக்கா காரமடை வீட்டில் இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை, என்னைத் திட்டினார். "ஏனுங்க அம்மணி, இத்தன பேரு படிச்சுப்போட்டு அங்க உக்காந்திருக்கறீங்களே, நாக்குல வெச்சா கரையற மாதிரி ஒரு மாத்திரை செய்யத் தெரியாதுங்களா?"

லோகப்பிரியாவாகிய எனக்கு அந்தக் கம்பெனியில் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். ஒரு வருஷமாக அதில்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் கரைய வேண்டுமென்றால் லேசாக அமுக்க வேண்டும். லேசாக அமுக்கினால் அட்டைக்குள்ளேயே பொடியாகிவிடும். முதலாளிக்கோ இரண்டும் வேண்டும். "நாக்குல பட்டா கரையோணும், லாரில இருந்து உழுந்தா ஒடையக்கூடாதுங்க அம்மணி," என்பார், காப்பிக்குச் சர்க்கரை தூக்கலாகக் கேட்கிற தொனியில்.

எப்படியோ ஒன்று செய்தேன். பேக்கிங் பிரிவில் எட்டுப் பேர், எல்லாரும் முப்பது வயதுக்குள், மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். பதினெட்டு வினாடியில் கரைந்தது. முதலாளி உடனே மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார். இனி நிஜமாகவே விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களிடம் சோதிக்க வேண்டும். மருந்து சேர்க்காத வெறும் மாத்திரைதான். இப்படிப்பட்ட சோதனைக்கு அனுமதி தரும் கமிட்டியும் டாக்டரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் பெயர் காளிச்சாமி. அவர் வாயில் கரைந்துவிட்டால் அடுத்து மருந்தோடு செய்யலாம், குழாய்க்கு வேலையிருக்காது.

சனிக்கிழமை தோறும் ஸ்டாப்வாட்ச்சோடு காரமடைக்குப் பஸ் ஏறினேன். நாக்கில் வைப்பேன். இருபது வினாடி கூட ஆகாது.

"கரைஞ்சுதுங்களாண்ணா?"

"கரைஞ்சுபோச்சுங்க அம்மணி."

"ருசி எப்படீங்க?"

"மாம்பழமாட்டம் அருமையா இருக்குதுங்க."

நான்கு வாரம் நான்கு அருமை. ரிப்போர்ட்டில் கம்பீரமாக எழுதிக்கொண்டேன். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

ஐந்தாம் வாரம் மாரியாத்தாள் அக்கா கேட்டிலேயே என்னை மறித்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே என் மாத்திரைகள் நான்கும் இருந்தன, கொஞ்சம் ஊறி, கொஞ்சம் நாறி. "தலகாணி ஒறைய தொவைக்க எடுத்தனுங்க. நீங்க போற வரைக்கும் கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்து, அப்பறம் துப்பி ஒளிச்சு வெச்சிருக்கறாரு இந்த மகராசன்!"

உள்ளே போய்க் கேட்டேன். காளிச்சாமி அண்ணன் தலை குனிந்தார். "அத்தன தூரம் பஸ்ஸேறி வாரீங்க. உங்க மொகத்தப் பாத்துட்டு கரையலைன்னு எப்படீங்க சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ரிப்போர்ட் போயிருந்தால் அடுத்தது மருந்தோடு தொண்டையில் சிக்கியிருக்கும், இந்த மனுஷன் மூச்சுத் திணறிக்கொண்டே நல்லாருக்குதுங்க என்றிருப்பார். பாதி ஆத்திரம் என்மேல்தான். அவர் சாப்பிடும் வேறொரு மருந்து வாயை வறட்டிவிடும் என்பது எனக்குத் தெரியும். பிரியாணி ஊறிய வாயில் சோதித்துவிட்டுக் காய்ந்த வாய்க்குச் சர்டிபிகேட் எழுதிய மேதாவி நான். ஒரு தடவையாவது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேனா? நானும் இதே பக்கத்து அன்னூர்க்காரிதானே, பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். நல்ல மரியாதை!

லேபுக்குத் திரும்பி மாவில் கற்பூரம் கலந்து அமுக்கினேன். பிறகு சூடு காட்டினால் கற்பூரம் ஆவியாகிப் போய்விடும், அது இருந்த இடமெல்லாம் ஓட்டையாகும், இருக்கிற துளி எச்சிலும் உள்ளே இறங்கும். "என்னுங்க அம்மணி, லேபுல பூசையா?" என்று எட்டிப் பார்த்தார் முதலாளி. கிட்டே வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரத்தில் பொரி மாதிரி ஒரு மாத்திரை வந்தது. இந்தத் தடவை மாம்பழ வாசனை கிடையாது. டாக்டரிடமும் கமிட்டியிடமும் சொல்லிவிட்டு நடுவில் ஒரு சிட்டிகை நிலவேம்பு வைத்தேன். ருசி மாறலாம் என்று எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கினேன். மரியாதைக்குப் படிக்காமலே போட்டார்.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு நான்கு நாள்தான் பாக்கி. நடுங்கும் விரலால் மாத்திரையை எடுத்தார். ஓரம் உதிர்ந்தது. புருவம் மேலே போனது. நாக்கில் வைத்தார். பத்து வினாடி. இருபது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்தாறில் அந்த முகம் கோணியது.

"எப்படி இருக்குதுங்கண்ணா?"

"நல்லாரு..." முடிக்க முடியவில்லை. "அட கருமாந்திரமே! கசப்புன்னா கசப்பு, குடலப் பொறட்டுதுங்க! இத அமுக்குனது ஆருங்க? தொட்டா உதிருது! நான் மெஷின்ல இருந்திருந்தா மொத்தத்தையும் அள்ளிக் குப்பைல கொட்டியிருப்பேன்!"

"வாயைத் திறங்கண்ணா," என்றேன்.

அக்காவே செல்போன் லைட்டை அடித்து இடது கன்னம், வலது கன்னம், நாக்குக்கு அடியில் என்று தேடினார். "ஒண்ணுமில்லீங்க அம்மணி," என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்து, இத்தனை நாள் அழாததையெல்லாம் அழுது தீர்த்தார். எனக்கும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

நோயாளியின் கருத்து என்ற கட்டத்தில் 'கருமாந்திரம்' என்றே எழுதினேன். முதலாளி அதை 'நன்று' என்று மாற்றச் சொன்னார். உயிரே போனாலும் மாற்ற மாட்டேன் என்றேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துச் சிரித்துவிட்டுக் குழாயைத் தள்ளிப்போட்டார். அடுத்த கட்டத்தில் மருந்து சேர்த்த மாத்திரை வந்தது. அண்ணன் இப்போது தினம் மூன்று வேளை அதைத்தான் நாக்கில் வைக்கிறார்.

சனிக்கிழமை தவறாமல் எனக்கு போன் வருகிறது. "அழுத்தம் பத்தலீங்க அம்மணி," என்கிறார்.