ஜான்சி மேல் போட்ட கேஸ்

வன்னியம்பட்டியில் பால்சாமி என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். ஏட்டையா என்று கேட்டால் ஒரே வீடுதான். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் மீசையில் மை குறையவில்லை, வேட்டியில் மடிப்புக் கலையவில்லை. முப்பத்தாறு வருஷம் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர், தன் பனியனைக்கூடத் தானே அலசியறியாத மனுஷர். மனைவி போன பிறகு அந்த வேலையும் மருமகள் நாகஜோதி தலையில் விழுந்தது. மகன் பட்டாளத்தில், ராஜஸ்தான் பக்கம். வீட்டில் மாமனாரும் மருமகளும் ஜான்சியும்தான்.

ஜான்சி ராஜபாளையத்து நாய். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. ஏழு வருஷமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. அவசரமென்றால் கதவை மூக்கால் முட்டும். அப்படிப்பட்டது மாசி மாசம் ஒருநாள் தூக்கத்தில் படுத்த இடத்தை நனைத்துவிட்டது. மறுநாளும் அதே கதை. "ஏட்டி, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்று ஏட்டையா செருப்பைத் தூக்கினார். நாகஜோதிதான் குறுக்கே விழுந்து தடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆட்டோவில் கொண்டுபோய்க் காட்டினாள். கருத்தடை செய்த பெட்டைக்கு வயசானால் இப்படிக் கசிவதுண்டு, தெரிந்து செய்வதில்லை, அடிக்காதீர்கள் என்று சொல்லி மாட்டு டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். பத்தே நாளில் நின்றுவிட்டது.

ஜான்சிக்கு நின்றது.

பங்குனி மூன்றாம் தேதி மத்தியானம், ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்த ஏட்டையா கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே ஈரம். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்த நேரம் பார்த்து, பேண்டேஜ் துணி மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த நாகஜோதி கேட்டைத் திறக்கும் சத்தம்! அவசர அவசரமாக வேட்டியை மாற்றி, பாயைச் சுருட்டிவிட்டு, பக்கத்தில் தூங்கிய ஜான்சியைக் கைகாட்டினார்.

"இங்க பாரு தாயி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டா."

வாயில்லாத ஜீவன் மேல் கேஸ் போடுவது எவ்வளவு சுலபம்! அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை. "பின்னால கட்டிப்போடட்டுமா மாமா?" என்று நாகஜோதி கேட்டபோது, "வேண்டாம், எம்பக்கத்துலயே கெடக்கட்டும்" என்றார். அக்கம்பக்கத்தார் பாசம் என்று நினைத்தார்கள். பாசமாவது ஒன்றாவது! சம்பவ இடத்தில் குற்றவாளி இருக்க வேண்டாமா? சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவருக்கே இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. நனைந்த வேட்டியைக் கொல்லைக் குழாயில் தானே அலசிக் காயப்போட்டார்.

சித்திரையில் நாகஜோதி முடிவாகச் சொன்னாள். "அடுத்த வாரம் அவிய லீவுல வாராவ மாமா. வீடு நாறுது. ஜான்சிய எங்கண்ணன் தோப்புல விட்டுருவோம்."

அண்ணன் இருளப்பசாமியின் மாந்தோப்பு செண்பகத்தோப்பில், மலையடிவாரத்தில். போன வருஷம் மட்டும் அங்கே இரண்டு காவல் நாய்களைச் சிறுத்தை தூக்கியிருக்கிறது. மாமனாருக்கும் மருமகளுக்கும் அது தெரியும். "ஒன் இஷ்டம் தாயி" என்றார் ஏட்டையா.

ஞாயிற்றுக்கிழமை இருளப்பசாமி குட்டியானை வண்டியோடு வந்தான். எங்கேயோ சவாரி என்று நினைத்து ஜான்சி துள்ளி ஏறிக்கொண்டது. அவன் சங்கிலியை மாட்டிக்கொண்டே கேட்டான்: "வீட்டுக்குள்ளயே பழகுன நாயாச்சே மாமா, எப்பிடிக் கெட்டுச்சு?"

ஜான்சி ஏட்டையாவைப் பார்த்து வாலை ஆட்டியது.

"ஏலே, அவுத்து விடுலே. அவ இல்ல. நாந்தான்."

"என்ன மாமா நாந்தான்?"

"பாயில போனது நாந்தாம்லே! அவளுக்கு அப்பவே சரியாப்போச்சு."

தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்த குருவம்மாள் திரும்பிப் பார்த்தாள். தலை நிமிர்ந்தே நடந்த தெருவில் ஏட்டையா தரையைப் பார்த்து நின்றார். நாகஜோதி மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள்.

"தெரியும் மாமா. பனியனக்கூட அலசாதவிய, மூணு மணி வெயில்ல வேட்டி அலசுனா எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் தாயி இவள அனுப்புத?"

"ஒங்களக் கேக்க எனக்கு நாக்கு வரல. நாய் இல்லன்னா நீங்களே சத்தமில்லாம டாக்டரப் பாப்பீகன்னு நெனச்சேன். ஒங்க மரியாதையா, ஜான்சியான்னு பாத்தேன். ஜான்சிய விட்டேன்."

தன் பொய்க்கு அவளையும் உடந்தையாக்கிவிட்டோமே என்று ஏட்டையாவுக்கு உயிரே குன்றிப்போனது. ஜான்சியைத் தானே கைகொடுத்து இறக்கினார். அது அவர் கையை நக்கியது.

மறுநாள் ராஜபாளையத்தில் டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா இருக்கு பெரியவரே?"

"பங்குனி மூணாந்தேதியிலருந்து. மத்தியானம் மூணேகால் மணி."

"இம்புட்டுத் துல்லியமாச் சொல்றீங்க! அப்பவே வர்றதுக்கென்ன?"

ஏட்டையா நாகஜோதியை ஒருதரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "பழி போட ஆள் இருந்துச்சு ஐயா."