நிலைமையைப் பொறுத்து நடைபெறும்

எட்டு மாதம் கழித்து வரப்போகிற ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டேகால் மணிக்கு நூலகத்தின் கீழ்மாடியில் வாஃபல் சுட்டுக் கொடுப்பார்கள் என்று எங்கள் பல்கலைக்கழக வாரமடலில் போட்டிருந்தது. வாஃபல் என்றால் நம்முடைய தோசைக்குத் தூரத்துச் சொந்தம். மாவை இரும்பு அச்சில் ஊற்றிச் சுட்டு, மேலே பழப்பாகு தடவித் தருவார்கள். இங்கே வந்த புதிதில் அதை வாசித்த அன்று கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் தரமும் வாசித்தேன். எட்டு மாதம்! அதற்கிடையில் யார் எங்கே இருப்பார்களோ, மா கிடைக்குமோ, அந்தக் கட்டடம்தான் நிற்குமோ, இதெல்லாம் இவர்களுக்கு யார் சொன்னது? அதிலும் அந்தக் கால் மணி ஒரு வேடிக்கை. இங்கே விரிவுரை பன்னிரண்டு மணிக்கு என்று போட்டால் பன்னிரண்டேகாலுக்குத்தான் தொடங்கும். அதற்கு ‘அக்கடமிஸ்க் குவார்த்தேர்’ என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். பிந்துவதைக்கூட இவ்வளவுதான் பிந்தலாம் என்று அளந்து வைத்திருக்கிற சனம் இது. நம் ஊரில் பிந்தினால் பிந்தினதுதான்.

நோர்வேயின் மேற்குக் கரையில், வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஒரு பட்டணத்தில் இருந்து இதை எழுதுகிறேன். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் மாணவர் சேவைப் பிரிவில் எனக்கு வேலை. வாரமடல் தயாரிப்பது என் பொறுப்பு. வரப்போகிற நிகழ்வுகள், கிடைக்கிற சேவைகள் எல்லாவற்றையும் திரட்டி வெள்ளிக்கிழமை தோறும் அச்சுக்குக் கொடுக்கவேண்டும். பல் வைத்தியர் வரும் நாள், சைக்கிள் திருத்தும் நாள், பாட்டுக்குழுப் பயிற்சி, மனம் சோர்ந்தவர்கள் வந்து பேசுவதற்கு ஓர் அறை, நாய் வளர்ப்போர் கூட்டம் என்று அது நீளும். வந்த புதிதில் நான் அதைக் கதைப் புத்தகம் போல ஆசையாக வாசிப்பேன். ஆனால் இன்று இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. வருகிற செவ்வாய்க்கிழமை, என்னால் ஒன்பது வருஷத்துக்கு முன் தவறிப்போன ஒரு பரீட்சையை, மட்டக்களப்பில் ஒரு பெண் எழுதப் போகிறாள். அது நடக்குமா நடக்காதா என்பதுதான் இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வளாகம் சித்தாண்டிக்குக் கிட்ட இருந்தது. வாசலுக்கு முன்னால் ஆமியின் சாவடி, பின்னால் வயல்வட்டை, நடுவில் நாங்கள். என் கையெழுத்து அழகு என்று யாரோ கிளப்பிவிட்டதில் மாணவர் சங்கம் என்னை அறிவித்தல் பொறுப்பாளர் ஆக்கியது. பிரதி எடுக்கிற றோணியோ இயந்திரத்துக்கு மை கிடைக்காத காலம். ஆகையால் எல்லா அறிவித்தலும் கையால்தான். மட்டக்களப்புப் பட்டணமான புளியந்தீவில் காத்தான்குடி ஆட்களின் புடவைக்கடை ஒன்று இருந்தது. அங்கே மிஞ்சிப்போன பழைய கலண்டர்களைக் கட்டாகத் தருவார்கள். நான் அந்தத் தாள்களைப் புரட்டிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் எழுதுவேன். பொங்கல் விழா, இரத்த தானம், நூலகம் திறக்கும் நேரம், விடுதிக்குத் தண்ணீர் வரும் நேரம், பட்டணத்துக்குப் பஸ் விடும் நேரம். எதை எழுதினாலும் கடைசியில் ஒரு வரி போடுவேன்: நிலைமையைப் பொறுத்து நடைபெறும். நிலைமை என்றால் என்ன என்று எவரும் கேட்டதில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையுமில்லை. ஆமியின் சுற்றிவளைப்பும் நிலைமைதான், கடையடைப்பும் நிலைமைதான், ஒரு சத்தமும் கேட்காத காலையும் நிலைமைதான். ஒரு கலைவிழாவுக்கு நாலு தரம் திகதி மாற்றி, ஐந்தாம் தரம் அது நடந்தபோது, நாடகத்தின் கதாநாயகன் படிப்பு முடிந்து வீட்டுக்குப் போய்விட்டான். சிநேகிதர்கள் எனக்கு நிலைமை என்றே பட்டம் வைத்தார்கள். நான் நடந்து வந்தால், நிலைமை வருகுது, நல்லாத்தான் இருக்குது என்பார்கள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, என் பழக்கம் நோர்வே மட்டும் வந்தது. வாரமடலை முதன்முதலில் நான் தனியாகச் செய்தபோது, ஒவ்வொரு நிகழ்வின் கீழும் அந்த வரியை நோர்வேஜிய மொழியில் ஒழுங்காகப் போட்டேன். தவறு என்று நினைக்கவேயில்லை. சொல்லிப்போட்டு நடக்காவிட்டால் பாவம் சனம் அலையுமே என்ற நல்ல எண்ணம்தான். மடல் போன மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. குண்டு மிரட்டலா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். பல் வைத்தியருக்கு ஏதும் தொற்று நோயா என்று ஒரு மாணவி கேட்டாள். வாஃபல் சுட வாளி நிறைய மாக் கரைத்து வைத்துக்கொண்டு நின்ற என் மேலாளர் இங்கிரிட்டிடம் அன்று வந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். இங்கிரிட் ஐம்பது வயதைத் தாண்டிய பெண். கோபம் வந்தாலும் குரல் உயராது. என்னை இருத்தி, எந்த நிலைமையை எழுதியிருக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டாள். நான் யன்னல் பக்கம் பார்த்தேன். மழையைச் சொல்கிறாயா, மழைக்கு நாங்கள் எதையும் நிறுத்துவதில்லையே என்றாள். ஓம், மழைதான் என்று சொல்லித் தப்பினேன். அன்று முழுக்க நான் எத்தனை வாஃபல் சாப்பிட்டேன் என்று கேட்கவேண்டாம், மாவை வீணாக்கக் கூடாதல்லவா.

அதன் பிறகு அந்த வரியை விட்டேன். விட்ட பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சைக்கிள் திருத்தப்படும் என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, கையை எடுக்கவேண்டும். சட்டை போடாமல் சந்தைக்குப் போன மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமை வரும், பத்து மணியும் வரும், ஒருத்தன் திருகுசாவிகளோடு வந்து நிற்பான், சைக்கிள்கள் திருத்தப்படும். நான் யன்னலால் எட்டிப் பார்த்து ஒவ்வொரு தரமும் அதிசயப்படுவேன். இங்கிரிட்டுக்கு அது புரியாது. சைக்கிள் வாங்கப்போகிறாயா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

இனி அந்தப் பரீட்சைக்கு வருகிறேன். பரீதா எங்கள் வகுப்பு, காத்தான்குடிப் பெண். விடுதியில் விடமாட்டேன் என்று அவளுடைய வாப்பா உறுதியாகச் சொல்லிவிட்டதால் தினமும் வீட்டிலிருந்துதான் வருவாள். கல்லடிப் பாலத்தைக் கடந்து பட்டணத்துக்கு வந்து, அங்கே வளாகத்தின் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவில் மனக்கசப்பு முற்றிக் கிடந்த காலம் அது. ஒரு பெண்பிள்ளை அப்படி வந்து போவதென்றால் சின்ன விஷயமில்லை. பல நாள் வரமுடியாமல் போகும். நான் சொன்னேனே அந்தப் புடவைக்கடை, அது அவளுடைய மாமாவுடையது. பலகையில் போடும் அறிவித்தல்களை அவளுக்காக ஒரு துண்டில் பெயர்த்து எழுதிப் பின்னேரம் அந்தக் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மாமா கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போது அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார். மூன்று வருஷம் எங்கள் தபால் சேவை ஒரு நாளும் பிசகவில்லை. இரண்டு பக்கத்திலும் ஒருவரும் அதைப் பிழையாக எடுக்கவுமில்லை.

இறுதியாண்டுப் பரீட்சையின் கடைசித் தாள் மூன்று தரம் பின்போடப்பட்டது. நாலாம் தரம் திகதி வைத்த பீடாதிபதி, எங்கள் துறைகளுக்கெல்லாம் தலைவர், என்னைக் கூப்பிட்டு, வானம் இடிந்து விழுந்தாலும் இந்த முறை நடக்கும், உன்னுடைய அந்த வரியைப் போடாதே என்று சொல்லி, நான் பலகையில் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். போடவில்லை. பரீதாவுக்கான துண்டைப் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதினேன். பஸ் குலுங்கியது, பக்கத்தில் ஒருத்தன் கதை சொல்லிக்கொண்டு வந்தான், கை தன் பாட்டில் ஓடி அடியில் அந்த வரியையும் எழுதிவிட்டது. நான் திரும்ப வாசிக்கவில்லை. பரீட்சை அன்று காலை பாலத்தை மறித்துவிட்டார்கள். பரீதா ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றிருக்கிறாள். பிறகு பையிலிருந்து என் துண்டை எடுத்து வாசித்திருக்கிறாள். இதுதானே நிலைமை என்று ஏழரைக்கு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஏழேமுக்காலுக்குப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். பஸ் அன்று எட்டு மணி வரை பட்டணத்தில் நின்றது. நான் பஸ்ஸுக்குள் இருந்து அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை சரியாக ஒன்பது மணிக்குத் தொடங்கியது.

மறுநாள் கடைக்குப் போனேன். பரீதா உள்ளே சீலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் மாமாவோடு நின்றாள். அழுது முடித்த முகம்.

“நீங்க எழுதினத நம்பித்தான் வீட்டுக்குக் கிறுகின நான்,” என்றாள்.

ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அதன் பிறகு வளாகம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. இந்தத் தாள் முடிந்ததும் கலியாணம் என்று வாப்பா வைத்த தவணை முடிந்து, கலியாணமும் நடந்தது. நான் நோர்வே வந்தேன். பட்டம் இருந்திருந்தால் அவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கும். புள்ளியில் அவளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கிடைத்தது. ஒரு தாள் குறைந்ததால் அவள் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் என் முகவரி தேடி அவளுடைய கடிதம் வந்தது. நிலைமையால் பரீட்சை தவறியவர்களுக்குக் கடைசியாக ஒரு தரம் இடம் கொடுக்கிறார்களாம். இதைவிட்டால் இனி இல்லையாம். கட்டாரில் வேலை செய்கிற கணவர்தான், பிள்ளைகளை உம்மா பார்ப்பா, நீ போய் எழுது என்று பிடிவாதமாக நிற்கிறாராம். பரீட்சைக்கு முதல் நாளே ஏறாவூரில் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்விடுவாளாம், அங்கேயிருந்து நடந்தாவது போகலாமாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்:

“இப்ப அறிவித்தல் எல்லாம் கொம்பியூட்டர்ல அடிச்சித்தான் ஒட்டுறாங்க. அடியில உங்கட வரி அப்பிடியே இரிக்கி. எனக்கு ஒரு உதவி செய்யுங்க. உங்கட கையால இந்தச் சோதினைக்கு ஒரு அறிவித்தல் எழுதி அனுப்புங்க. அந்த வரி இல்லாம.”

வாசித்துவிட்டு இரண்டு வாரம் நான் பேனையைத் தொடவில்லை. எப்படித் தொடுவேன்? வானம் இடிந்து விழுந்தாலும் நடக்கும் என்று எழுதுவதற்கு எனக்கு என்ன அருகதை இருக்கிறது? இடிந்தால் விழப்போவது அவள் தலையில், நான் இங்கே குடையோடு நிற்கிறேன். ஏறாவூருக்கும் வளாகத்துக்கும் இடையில் எத்தனை சாவடி என்று எனக்குத் தெரியும். அந்த வரி இல்லாமல் எழுதினால் ஆபத்தான நாளிலும் என்னை நம்பிப் போய்விடுவாளோ என்று பயம். வரியோடு எழுதினால் இன்னொரு தரம் அவளைப் பாதி வழியில் திருப்பி அனுப்பியவன் ஆவேன். வெளியில் வந்த எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். ஊரில் இருக்கிறவர்களுக்குப் போ என்றும் சொல்லமுடியாது, நில் என்றும் சொல்லமுடியாது.

கடைசியில் அலுவலகச் சுவரில் தொங்கிய கலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்தேன். முன்பக்கம் பனிமலை, பின்பக்கம் நல்ல வழுவழுப்பான வெள்ளை. பெரிய எழுத்தில், பழைய வடிவிலேயே எழுதினேன். கடைசித் தாள். செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி. நடைபெறும். முற்றுப்புள்ளி வைத்ததும், அந்த வரிக்கு ஓடிவிடாமல் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. உறையில் வைத்து ஒட்டி, தபாலில் போட்டேன். கிடைத்துவிட்டது என்று போன கிழமை பதில் வந்தது. அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம். வாப்பாவும் வந்து நின்று வாசித்துவிட்டுப் போனாராம்.

இன்று காலை இங்கிரிட் வாரமடலின் அச்சுப்படியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். வருகிற செவ்வாய்க்கிழமைப் பகுதியில் விரலை வைத்தாள். சைக்கிள் திருத்துதல், பத்து மணி, நிலைமையைப் பொறுத்து. வாஃபல், பன்னிரண்டேகால், நிலைமையைப் பொறுத்து. பாட்டுக்குழுப் பயிற்சி, அதுவும் அப்படியே. மற்ற நாட்களில் ஒன்றிலும் இல்லை. எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை, சத்தியமாக இல்லை.

“எந்த நிலைமை?” என்று இங்கிரிட் கேட்டாள். இந்த முறை மழை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் பாலத்தையும் புடவைக்கடையையும் கால் மணி நேரத்தையும் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு இருந்து கேட்டாள். அங்கே ஒன்பது மணியாகும்போது இங்கே எத்தனை மணி என்று மட்டும் கேட்டாள். இன்னும் விடிந்திருக்காது என்றேன். அச்சுப்படியை எடுத்து, சிவப்புப் பேனையைத் திறந்து, அந்தச் செவ்வாய்க்கிழமையை இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு பேனையை மூடிவிட்டு, இப்படியே போகட்டும் என்று அச்சுக்குக் கொண்டுபோனாள்.

அதனால் வருகிற செவ்வாய்க்கிழமை இந்தப் பட்டணத்தில் சைக்கிள் திருத்துவதும் வாஃபல் சுடுவதும் பாட்டுப் பாடுவதும் நிலைமையைப் பொறுத்து நடைபெறும். பரீதாவின் பரீட்சை நடைபெறும்.