பிளக்கிற பக்கம்

மெக்கானிக்ஸ் பேப்பரில் ஹம்சவேணி இரண்டாவது முறையாகத் தோற்றபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. வருஷம் தொண்ணூற்றெட்டு. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கட்டட இன்ஜினியர் ஆபீசில் பத்து வருஷமாக டிராயிங் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ வீடுகளின் தூணும் உத்தரமும் அவள் கையால் தாளில் விழுந்தவை. ஆனால் ஓர் உத்தரம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த உறுத்தலில்தான் மாலை நேர டிப்ளமோவில் சேர்ந்தாள்.

வகுப்பில் எல்லாரும் அவளைவிடப் பத்து வயது இளையவர்கள். சந்தேகம் கேட்க வெட்கம். ஆபீசில் ரவிசங்கர் சார் கேட்டதும் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடுவார். நல்ல மனுஷன். ஆனால் அவர் பென்சில் ஓடும் வேகத்துக்கு அவள் தலையை ஆட்டத்தான் முடிந்தது.

"விட்டுரேன் வேணி. இருக்கிற வேலை போதாதா?" என்றார் கணவர் ராமமூர்த்தி. கரிசனத்தில் சொன்னதுதான். அதனாலேயே அது அதிகம் வலித்தது.

ஒருநாள் திருத்திய டிராயிங்கைக் கொடுக்கப் பசுமலை சைட்டுக்குப் போனாள். அங்கே கம்பி வேலை பார்க்கும் நல்லகாமன் பால்கனிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். பலகைக்கு மேலே உயரத் தூக்கி வைத்துக் கட்டினார். அறைக்குள்ளே அதே கம்பி பலகையை ஒட்டி அடியில் கிடந்தது.

"அண்ணே, இங்க மட்டும் ஏன் மேல கட்டுறீங்க?"

"நீங்கதான மேடம் அப்படி வரைஞ்சிருக்கீங்க."

"வரைஞ்சேன். ஏன்னு தெரியாது."

நல்லகாமன் சிரிக்கவில்லை. பூச்சு வேலைக்கு வைத்திருந்த ஸ்பாஞ்சை எடுத்து, மேலும் கீழும் பிளேடால் கீறினார். ஒரு முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அமுக்கினார். மேல் கீறல் வாயைத் திறந்தது, கீழ்க்கீறல் மூடிக்கொண்டது. பிறகு அதையே இரண்டு செங்கல்லுக்கு நடுவில் பாலம்போல வைத்து, மத்தியில் அமுக்கினார். இப்போது திறந்தது கீழ்வாய்.

"பிளக்குற பக்கம் கம்பி. அம்புட்டுத்தான் மேடம்."

அவள் ஸ்பாஞ்சை வாங்கித் தானே ஐந்தாறு தடவை அமுக்கிப் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் வரும் வளைவுகள், மனப்பாடம் செய்தும் தங்காத கூட்டல் கழித்தல் குறிகள், எல்லாம் எதைச் சொல்கின்றன என்று அன்றைக்குத்தான் விளங்கியது. கண் கலங்கிவிட்டது. சிமெண்டுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியங்களில் புத்தகத்தோடு சைட்டுக்குப் போனாள். சூத்திரம் எதுவும் நல்லகாமனுக்குத் தெரியாது. "பாரம் எம்புட்டு? எங்க நிக்குது? எதைப் பிடிச்சுத் தொங்குது?" என்று மட்டும் கேட்பார். பதில் சொல்லிக்கொண்டே வந்தால் பாதிக் கணக்கு தானாக இறங்கிவிடும். மீதியை அவளே போட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவர் தயங்கித் தயங்கி, "எனக்கு டிராயிங் படிக்க வராது மேடம். இன்னொருத்தன் சொல்லித்தான் கட்டுறேன்" என்றார். அன்றிலிருந்து புத்தகம் ஒரு மணி நேரம், டிராயிங் ஒரு மணி நேரம் என்றாயிற்று.

மூன்றாவது முறை அறுபத்திரண்டு மார்க். ராமமூர்த்தி மார்க் பட்டியலை இரண்டு தடவை படித்துவிட்டு, "அடுத்த பேப்பர் என்னைக்கு?" என்று கேட்டார்.

நல்லகாமன் மறுவருஷம் தனியாக வேலை எடுத்தார். முதல் வேலை சோழவந்தானில் ஒரு மாடி வீடு. டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போன் செய்தார்.

"மேடம், மாடிப்படியில ஒரு கம்பி குறையுதே. நீங்க விட்டதா, நான் தப்பாப் படிக்கிறேனா?"

ஹம்சவேணி எடுத்துப் பார்த்தாள். விட்டது அவள்தான்.