தேன் சாருக்குப் பூ ஆகாது

துடைத்த காரையே மறுபடியும் துடைக்கிறார் தேன் சார். கண்ணாடியில் உதிர்ந்து கிடக்கும் புங்கம்பூக்களை, செத்த பல்லியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தெருவில் எறிகிறார். "சனியன் பிடிச்ச மரம்! கொட்டுது, கொட்டுது, கொட்டிக்கிட்டே இருக்கு!"

அவர்தான் வீட்டுக்காரர். மொட்டைமாடியில் மரக்கிளை சாய்ந்திருக்கும் மூலையில் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பதால் தெருவுக்கே அவர் தேன் சார். மரத்தடியில், கேட்டை ஒட்டிய தகரக் கூரை அறையில் வாடகைக்கு இருந்து தைக்கிறாள் ஒரு பெண். அந்த நிழல் போனால் மத்தியானத்தில் மிஷினில் உட்கார முடியாது. அவர் மரத்தைத் திட்டும்போதெல்லாம் அவள் கால் மிதிபலகையில் அப்படியே நின்றுவிடும்.

தேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேன் சார் வாய் ஓயாது. துணி கொடுக்க வந்தவர்களையும் விடமாட்டார். "ஒரு பூவுல ஒரு சொட்டுகூட இருக்காதும்மா. அதை உறிஞ்சி, வயித்துக்கு முன்னால ஒரு பை இருக்கு, அதுல கொண்டாரும். கூட்டுல இன்னொரு ஈ வாயில குடுக்கும். அது இன்னொண்ணு வாயில. அப்புறம் எல்லாம் சேர்ந்து றெக்கையால விசிறித் தண்ணிய வத்த வைக்கும். வத்தினதும் மேல மெழுகு மூடி. என்ன உழைப்பு!" கண் கலங்கிவிடும். அதைத் துடைத்துக்கொண்டே, தோளில் விழுந்த பூவைச் சுண்டி எறிவார்.

மரம் பூத்துக் குலுங்கிய வாரத்திலேயே வெட்டுவதற்கு ஆள் கூட்டி வந்தார். தையல்காரி எழுந்து வாசலுக்கு வந்தாள். "சார்... ஈயெல்லாம் இதுலதானே மொய்க்குது?" தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என் ஈ ரெண்டு மைல் பறக்கும் தங்கச்சி. இந்த ஒத்த மரத்தை நம்பியா பெட்டி வெச்சேன்?"

மாடியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மைலுக்கும் சிமெண்டுதான் இருக்கு. சிமெண்ட்லருந்து எடுக்குமா தேனு?"

"நீ உள்ள போ. ஈயைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

மரம் விழுந்தது. விழுந்த கிளைகளின் பூங்கொத்துகளில் அன்று முழுவதும் ஈக்கள் மொய்த்தன. மறுநாள், மரம் இருந்த உயரத்தில் வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. கார் மட்டும் பளபளவென்று நின்றது.

இப்போது தேன் சார் சர்க்கரையைக் கரைத்துப் பெட்டிக்குள் வைக்கிறார். தேனடையைத் தூக்கினால் கனமே இல்லை. "சோம்பேறி ஈயைத் தலையில கட்டிட்டான்" என்று பெட்டி விற்றவனைத் திட்டுகிறார். பூச்செடி நாலு வாங்கி வைக்கலாமே என்றாள் மனைவி. தொட்டி வைத்தால் மாடி அழுக்காகிவிடுமாம்.

நேற்று மத்தியானம் தகர அறைக்குள் வந்தார். தையல்காரி தலையில் ஈரத் துண்டு போட்டு, வேர்வை துணியில் சொட்டாமலிருக்க மணிக்கட்டில் கந்தல் சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, பெட்டிக்கு மேல கட்ட ஒரு பந்தல் தெச்சுக் குடு. நல்ல கெட்டித் துணியா. மாடியில வெயில் கொளுத்துது. வாயில்லா ஜீவனுங்க, எப்படித் தாங்கும்?"

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீளம் எவ்வளவு சார்?"

"அப்பப்பா, என்னம்மா இங்க இப்படிப் புழுங்குது!" என்று சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியவர், அவளுடைய டேபிள் ஃபேனின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.